காட்டுக்குப் போகும் கண்ணாடி

 

மைசூர்ப் பருப்பு என்று நாம் கடையில் கேட்டு வாங்கும் சிவந்த சிறு பருப்புக்கு அரபு மொழியில் 'அதஸ்' என்று பெயர். திருமறையின் 'அல்பகரா' அத்தியாயத்தில், நபி மூஸா (அலை) அவர்களின் சமூகத்தார் ஒரே வகை உணவில் சலிப்புற்று வெள்ளரியும் வெங்காயமும் வேண்டுமென்று கேட்கும் 61ஆவது வசனத்தில் இப்பருப்பும் இடம் பெற்றிருக்கிறது. மதரஸாவில் அவ்வசனத்தை நடத்தும் நாளில், தோல் நீக்காத முழுப் பருப்பு கொஞ்சம் எடுத்துப்போய்ப் பிள்ளைகளின் உள்ளங்கையில் வைத்துக் காட்டுவது என் வழக்கம். நடுவில் தடித்து, ஓரம் மெலிந்து, இருபுறமும் வளைந்திருக்கும். அந்த வடிவில் தேய்த்தெடுத்த கண்ணாடியை அரபியர் 'அதஸா' என்கின்றனர். நாம் வழங்கும் 'லென்ஸ்' என்ற சொல்லும் இலத்தீனில் இதே பருப்பின் பெயரேயாகும். இரு மொழியாரும் சமையலறையைப் பார்த்தே கண்ணாடிக்குப் பெயர் வைத்திருக்கின்றனர்!

இந்தப் பருப்புக் கண்ணாடி சென்ற ஆண்டு எங்கள் குடும்பத்தில் ஒரு மாத காலம் பேச்சாக இருந்தது. கேமரா வைத்திருக்கும் பிள்ளை ஒருவனேனும் இல்லாத வீடு இன்று அரிது. வளைகுடாவிலிருந்து வருபவன் கொண்டு வருகிறான். கல்யாணப் படம் எடுப்பவன் கடன்பட்டு வாங்குகிறான். ஆதலால் எங்கள் வீட்டுப் பேச்சில் உங்கள் வீட்டுக்கும் ஏதேனும் பயன் இருக்கலாம் என்றெண்ணியே இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வெம்பக்கோட்டை. சுற்றிலும் பட்டாசு ஆலைகள். கூப்பிடு தூரத்தில் சிவகாசியின் அச்சகங்கள். தீப்பெட்டியின் மேல் புலியும், பட்டாசுப் பெட்டியின் மேல் மயிலும், நாட்காட்டியில் யானைக் கூட்டமும் அச்சாகி நாடெங்கும் போவது இங்கிருந்துதான். என் அண்ணன் மகன் அத்தகைய அச்சகம் ஒன்றில் கணினியில் பக்கம் அமைக்கும் வேலை பார்க்கிறான். ஓய்வு நாட்களில் திருமணப் படங்களும் எடுப்பான். எங்கோ எவரோ எடுத்த யானைப் படத்தை ஆண்டாண்டாக வெட்டி ஒட்டிக் கொண்டிருந்தவனுக்கு, ஒருமுறையேனும் தானே காட்டுக்குப் போய் ஒரு யானையைப் படம் பிடிக்க வேண்டும் என்ற ஆசை பிறந்துவிட்டது. நண்பர்கள் சேர்ந்து முதுமலைக்குப் பயணம் வகுத்தனர். அதற்கென ஒரு டெலிஃபோட்டோ ஜூம் லென்ஸ் வாங்க வேண்டும் என்றான். 150 முதல் 600 மில்லிமீட்டர் வரை நீளக்கூடியது. விலை லட்ச ரூபாயை ஒட்டி இருந்தது. கையில் ரொக்கமில்லை, தவணைக்குத் தரக் கடைக்காரர் அணியமாக இருந்தார். இல்லையேல் தன் சங்கிலியை வங்கியில் வைத்துத் தருவதாக என் மதினி சொல்லிவிட்டார்.

அண்ணன் முப்பது ஆண்டுகளாகப் பட்டாசு ஆலையில் வேலை செய்பவர். அந்தத் தொழிலின் கூலி எத்தகைய கூலி என்பதை இந்த வட்டாரத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 2024 பிப்ரவரியில் எங்களுக்கு அருகிலுள்ள இராமுதேவன்பட்டியில் நேர்ந்த ஒரு வெடிவிபத்தில் மட்டும் பத்துப் பேர் மாண்டனர். காலையில் வேலைக்குப் போனவர் மாலையில் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டால்தான் மதினிக்கு மூச்சு வரும். அப்படி வந்த பணத்தில், அதுவும் வட்டி கட்டி, ஒரு லென்ஸா என்பதே வீட்டில் எழுந்த கேள்வி.

பையன் என்னிடம் வந்தான். "சின்னத்தா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா அத்தா கேப்பாக" என்றான்.

"உக்காரு. மொதல்ல அந்த லென்ஸ் என்ன செய்யும்னு எனக்குச் சொல்லு. எனக்குப் புரிஞ்சாத்தானே உங்க அத்தாவுக்குச் சொல்ல முடியும்?" என்றேன்.

அவனோடு அமர்ந்து கேட்டும், படித்தும் நான் விளங்கிக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

லென்ஸின் மேல் எழுதியிருக்கும் 50, 300, 600 என்ற எண்கள் அதன் குவியத் தூரத்தைக் குறிப்பவை. எண் கூடக் கூடக் காட்சி குறுகும்; குறுகிய காட்சிக்குள் பொருள் பெரிதாகும். முழு அளவு உணரியுள்ள கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 47 பாகை அகலத்தைக் காணும். 400 மி.மீ. லென்ஸ் 6 பாகையும், 600 மி.மீ. லென்ஸ் 4 பாகையுமே காணும். எங்கள் வைப்பாற்று அணைக்கரையில் நின்று 50இல் பார்த்தால் நீரும் கரையும் வானமும் தெரியும், கொக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. 600இல் அக்கொக்கு பன்னிரண்டு மடங்கு பெரிதாகும். ஆனால் அது பறந்து இரண்டு முழம் தள்ளிப் போய்விட்டால் அதைத் திரும்பத் தேடிப் பிடிப்பதற்குள் அந்திப் பாங்கு சொல்லிவிடுவார்கள்!

இன்னொரு நுணுக்கமும் உண்டு. நம் பிள்ளைகள் வைத்திருக்கும் கேமராக்களுள் பல, சிறிய உணரி உள்ளவை. அவற்றில் காட்சி ஒன்றரை மடங்கு குறுகும். கேனன் கேமராவானால் 1.6 மடங்கு. அதாவது 400 மி.மீ. லென்ஸை அதில் மாட்டினால் 600 மி.மீ. தரும் காட்சியே கிட்டும். என் அண்ணன் மகனின் கேமரா அத்தகையதே. "அப்படியானால் உனக்கு ஏன் 600?" என்று கேட்டேன். "இன்னும் கிட்டக்கத் தெரியும்ல!" என்றான். இந்த 'இன்னும்' என்ற சொல்லில்தான் லென்ஸ் வியாபாரம் நடக்கிறது.

கிட்டே தெரிவது ஒரு பாதி. மறு பாதி வெளிச்சம். வனத்துறையார் வண்டியில் அழைத்துச் செல்வது காலையிலும் மாலையிலும். விலங்குகள் வெளிவருவதும் அப்போதுதான். இரு வேளையிலும் காட்டுக்குள் வெளிச்சம் குறைவு. லென்ஸின் துளை எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதை 'எஃப்' என்ற எண்ணால் குறிப்பர். எண் சிறிதானால் துளை பெரிது. எஃப் 2.8இல் புகும் ஒளியில் நாலில் ஒரு பங்கே 5.6இல் புகும், எஃப் 8இல் அதிலும் பாதி. பையன் கேட்ட வகை லென்ஸுகள் முழு நீளத்தில் 6.3 வரையே திறக்கும். எஃப் 4 வரை திறக்கும் 600 மி.மீ. லென்ஸுகளும் உள்ளன. அவை மூன்று கிலோவுக்குக் குறையாதவை. விலை பத்து லட்சத்துக்கு மேல். அவை நம் பேச்சில் சேராதவை. அல்லாஹ் வசதி கொடுத்தவர்கள் வாங்கிக் கொள்ளட்டும்.

துளை சிறிதாயின் ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். கை நடுங்கும், மானும் அசையும். கையில் பிடித்து எடுப்போர் பழங்காலந்தொட்டு ஒரு கணக்கு வைத்திருக்கின்றனர். 600 மி.மீ. என்றால் ஒரு வினாடியில் 600இல் ஒரு பங்கு நேரத்துக்கு மேல் ஷட்டர் திறந்திருக்கலாகாது. இக்காலத்து லென்ஸுகளில் நடுக்கத்தைத் தணிக்கும் அமைப்பு இருப்பது உண்மையே. அது நம் கையின் நடுக்கத்தைத் தணிக்கும். ஓடும் மானை நிறுத்தாது. கடைக்காரர் முன்பகுதியை உரத்துச் சொல்வார், பின்பகுதியைச் சொல்ல மறந்துவிடுவார்.

அடுத்தது எடை. சிக்மா, டாம்ரான் நிறுவனத்தாரின் 150-600 லென்ஸுகளும், 2019இல் வந்த சோனியின் 200-600உம், 2023இல் வந்த நிக்கானின் 180-600உம் எல்லாம் ஏறத்தாழ இரண்டு கிலோ. கேனன் 2021இல் கொண்டுவந்த 100-400 லென்ஸோ 635 கிராம் மட்டுமே. ஆனால் அதன் துளை முழு நீளத்தில் எஃப் 8. எடையைக் குறைத்தவர் வெளிச்சத்தை எடுத்துக்கொண்டார். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவதே இத்தொழிலின் இயல்பு. வண்டிக்குள் முக்காலி விரிக்க இடமிராது. அதற்கு அனுபவசாலிகள் சொல்லும் வழி மிக எளியது: ஒரு துணிப்பையில் அரிசியோ பருப்போ முக்கால் பங்கு நிரப்பித் தைத்து, சன்னல் விளிம்பில் வைத்து, அதன்மேல் லென்ஸைக் கிடத்துவது. மதினி பழைய தலையணை உறையில் தைத்துக் கொடுத்தார். உள்ளே என்ன போடலாம் என்று கேட்டபோது, "அதஸே போடுங்கள்" என்றேன். மேலும் அதஸா, கீழும் அதஸ்!

இவ்விடத்தில், சபைகளில் நம்மவர் சிலர் முழங்கும் ஒரு செய்தியைச் சரிசெய்ய விரும்புகிறேன். கேமராவைக் கண்டுபிடித்தவர் ஒரு முஸ்லிம் என்றும், 'கமரா' என்ற அரபுச் சொல்லே கேமரா ஆயிற்று என்றும் சொல்கின்றனர். கேமரா என்பது அறை என்னும் பொருள்படும் இலத்தீன் சொல். நம் முன்னோரின் பெருமைக்கு இத்தகைய முட்டுக் கொடுத்தல் தேவையில்லை, உள்ளதே பெரிது. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில், கி.பி. 965 அளவில் பஸராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னுல் ஹைதம் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' என்ற நூல், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழங்கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து ஒளி கண்ணுக்குள் வருவதாலேயே காண்கிறோம் என்பதை நிலைநாட்டியது. இருட்டறைக்கு வெளியே விளக்குகளை வரிசையாக வைத்து, ஒரு சிறு துளை வழியே உள்ளே விழும் ஒளிப்புள்ளிகளைப் பார்த்து, ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய புள்ளி மட்டும் மறைவதைச் சோதித்துக் காட்டியவர் அவர். அவருக்கும் முன்பே, 984 அளவில், இப்னு ஸஹ்ல் என்பார் கண்ணாடியில் ஒளி வளையும் விதியை வரைந்து கணக்கிட்டிருக்கிறார். இப்னுல் ஹைதமின் நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு 1572இல் பாஸல் நகரில் அச்சேறியது. ஐக்கிய நாடுகள் அவை 2015ஐ ஒளி ஆண்டாகக் கொண்டாடியபோது இந்நூலின் ஆயிரமாவது ஆண்டையும் நினைவுகூர்ந்தனர். தொலைவிலுள்ளதைப் பெரிதாக்கும் டெலிஃபோட்டோ லென்ஸ் வந்தது வெகு பின்னர், 1891இல். ஐரோப்பியர் மூவர் தனித்தனியே அதை அமைத்தனர். நிழற்பட கேமராவுக்கான ஜூம் லென்ஸ் விற்பனைக்கு வந்தது 1959இல்தான்.

உயிருள்ளவற்றைப் படம் பிடிப்பது கூடுமா என்ற வினா உங்களுள் பலருக்கு எழும். கையால் வரைவதும் செதுக்குவதும் வேறு, கண்ணாடியில் விழும் நிழலைத் தடுத்து நிறுத்துவது வேறு என்று, எகிப்தின் முஃப்தியாக விளங்கி 1935இல் மறைந்த முஹம்மத் பகீத் அல்முதீஈ அவர்கள் தனி நூலே எழுதியுள்ளார்கள். நம் நாட்டு ஆலிம் பெருமக்களில் பலர் அதை ஏற்காமல், தேவையளவுக்கு மட்டும் என்று வரையறுத்துள்ளனர். உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள். இந்தக் கட்டுரை அத்தீர்ப்பில் தலையிடவில்லை. வெறுமனே பார்ப்பதற்கென்றால் இரட்டைக்குழல் தொலைநோக்கி இருக்கிறது. அதில் இவ்வினாவே எழாது, விலையும் பத்தில் ஒரு பங்கே!

பார்ப்பதையே வாழ்வாகக் கொண்ட ஒரு முஸ்லிம் பெருமகனாரை இங்கே நினைக்காமல் இருக்க இயலவில்லை. 1896இல் பம்பாயில் பிறந்த சாலிம் அலி, சிறுவயதில் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் கறை போன்று ஏதோ தெரிந்தது. இத்தகைய குருவியை முஸ்லிம் உண்ணலாமா என்ற ஐயத்தோடு தாய்மாமனிடம் கொண்டுபோனார். மாமன் அமீருத்தீன் தய்யப்ஜிக்கும் விடை தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளருக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அங்கே தொடங்கியது, 1987இல் மரணம் வரை நீடித்த பறவையாராய்ச்சி. ஹலாலா என்று கேட்ட ஒரு கேள்வி, ஒரு பிள்ளையை எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள்! கோவைக்கருகில் ஆனைகட்டியில் அவர் பெயரால் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது.

படத்துக்கென்று பார்த்தால், நம் தமிழகத்தில் அதன் முன்னோடி மா. கிருஷ்ணன். 1912இல் திருநெல்வேலியில், 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகனாகப் பிறந்தவர். பத்மஸ்ரீ பெற்றவர்; 1996இல் மறையும் வரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இயற்கை பற்றி எழுதியவர். அவருடைய கேமராவோ ஒரு கம்பெனியின் உடலும் இன்னொரு கம்பெனியின் லென்ஸும் தானே கூட்டிச் சேர்த்த ஒட்டுவேலை! அதற்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று விளையாட்டாகப் பெயரும் வைத்திருந்தார். கருப்பு வெள்ளையிலேயே எடுத்தார். அவர் எடுத்த யானைப் படங்களைப் பையனுக்குக் காட்டினேன். யானையின் முகம் மட்டும் சட்டம் நிறைய இருக்கும் என்று எதிர்பார்த்தவன் வியந்து போனான். முழு யானையும் தெரிகிறது. அதன் குட்டியும், அது நிற்கும் புல்லும், பின்னாலுள்ள மரமும் தெரிகின்றன. எந்தக் காட்டு யானை, என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது ஒரு பார்வையில் விளங்குகிறது. "சின்னத்தா, இவருகிட்ட இருந்தது பழைய லென்ஸ்தானே?" என்றான். பேசாமலிருந்தேன், அவனே யோசிக்கட்டும் என்று.

இனிப் பணத்துக்கு வருவோம். கடைக்காரர் 'வட்டியில்லாத் தவணை' என்றே சொன்னார். தாளை வாங்கிப் படித்தேன். ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்குக் கிடையாது. நடைமுறைக் கட்டணம் என்று தனியே ஒரு தொகை. ஒரு மாதம் தவறினால் அபராதமும் அதன்மேல் வட்டியும். பெயரை மாற்றிவிட்டால் பொருள் மாறிவிடுமா? நகையை வங்கியில் வைத்தாலோ வட்டி வெளிப்படையானது. அண்ணனிடம் போய் உட்கார்ந்தேன். அவர் வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பய ஆசைப்படுறான், நான் வேண்டாங்கல. ஆனா வட்டி இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது. அத்தா காலத்துல இருந்து வந்ததில்ல" என்றார். மதினி உள்ளிருந்து, "செயின் சும்மாதானே கெடக்கு" என்றார். ஒரு தாயின் சங்கிலி சும்மா கிடப்பதில்லை, வாசகர்களே. அந்த வீட்டில் நாளை ஒரு மருத்துவச் செலவு வந்தால் அதுவே முதலில் எழுந்து நிற்கும். ஜமாஅத்தின் பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் வாங்கலாமே என்று நண்பனொருவன் யோசனை சொன்னான். அது விதவையரின் அடுப்புக்கும் ஏழைப் பிள்ளையின் கல்விக்கும் உரியது. லென்ஸுக்கன்று என்று நானே தடுத்தேன்.

வழி வேறெங்கோ இல்லை. கல்யாணப் படக்காரர்கள் தினமும் செய்துவரும் வழிதான். பெரிய லென்ஸுகளை நாள் வாடகைக்குத் தரும் கடைகள் நம் பெருநகரங்களில் உள்ளன. அடையாள அட்டையும் முன்பணமும் கொடுத்தால் போதும். ஆண்டுக்கு ஒருமுறை காட்டுக்குப் போகிறவனுக்கு நான்கு நாள் வாடகை, விலையில் மிகச் சிறு பங்கே. பையன் முதலில் முகம் சுளித்தான். 'சொந்தமாக' என்ற சொல்லில் ஓர் இனிப்பு இருக்கிறது அல்லவா? கடைசியில், 70-300 லென்ஸ் ஒன்றைப் பழையதாகத் தன் திருமண வருமானத்திலிருந்து ரொக்கத்துக்கு வாங்குவது, 150-600ஐ வாடகைக்கு எடுப்பது என்று முடிவாயிற்று.

வாடகை லென்ஸ் கைக்கு வந்த அன்று மாலை அணைக்கரையில் சோதித்தோம். இதை எல்லோரும் செய்ய வேண்டும். முன், பின் கண்ணாடிகளில் கீறலோ பூஞ்சையோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இருப்பதைக் கடைக்காரர் எதிரிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். 600இல் பத்துப் படமாவது எடுத்துக் கணினியில் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்து வெயிலில் பிற்பகல் இரண்டு மணிக்கு எடுத்த படங்கள் எல்லாம் நீரலையில் கரைந்தது போலிருந்தன. லென்ஸ் பழுதோ என்று பையன் பதறினான். அது கானல். சூடேறிய நிலத்துக்கு மேல் காற்று அலையும்போது எத்தனை லட்சத்து லென்ஸானாலும் அதற்கப்பால் தெளிவாகக் காணாது. ஐந்து மணிக்கு அதே லென்ஸில் அதே கொக்கின் இறகு எண்ணும்படி இருந்தது.

முதுமலைக்கு என்னையும் இழுத்துச் சென்றனர். மசினகுடியில் தங்கி, பஜ்ர் தொழுதுவிட்டு, தெப்பக்காட்டில் வனத்துறை வண்டி ஏறினோம். 1940இல் சரணாலயமாகி, 2007இல் புலிகள் காப்பகமான காடு அது. வண்டியைவிட்டு இறங்க அனுமதியில்லை. முதல் திருப்பத்திலேயே மூங்கிலுக்குள்ளிருந்து ஒரு யானை, வெகு அருகில்! பையன் 600ஐத் தூக்கினான். கண்ணாடிக்குள் சாம்பல் நிறச் சுவர் ஒன்று மட்டுமே தெரிந்தது. 150க்குச் சுருக்கியும் காது மட்டும்தான். நான் மடியில் வைத்திருந்த 70-300ஐ அவன் நண்பனின் கேமராவில் மாட்டி, 70இல் எடுத்ததே முழு யானையாக வந்தது. மூங்கிலும் பனியும் அதோடு வந்தன. ஜூம் லென்ஸின் அருமை நெருங்குவதில் மட்டுமில்லை, பின்வாங்குவதிலும் இருக்கிறது.

600 வீணானதென்று சொல்லிவிடக் கூடாது. மறுநாள் மாலை, பள்ளத்தின் அக்கரையில் நான்கு செந்நாய்கள் வந்தன. வெறுங்கண்ணுக்குச் செம்மண் கட்டிகள். பருப்புப் பையின் மேல் லென்ஸைக் கிடத்தி, வண்டியின் எஞ்சினை அணைக்கச் சொல்லி எடுத்தான். இருபது படத்தில் மூன்று தேறின. அப்போது வண்டியில் ஒருவர், "இன்னும் கிட்டக்கப் போங்க டிரைவர், காசு கொடுத்துத்தானே வந்திருக்கோம்!" என்று சத்தமிட்டார். ஓட்டுநர் மறுத்துவிட்டார். செந்நாய்கள் எங்களைச் சட்டை செய்யாமல் ஒன்றையொன்று உரசி விளையாடிக் கொண்டிருந்தன. எங்கள் வண்டி அங்கேயே நின்றதால்தான் அவையும் அங்கேயே நின்றன. லட்ச ரூபாய் லென்ஸ் செய்யும் மெய்யான உபகாரம், அந்தத் தூரத்தை நாம் விட்டுவைக்க உதவுவதே என்று எனக்குத் தோன்றியது. கையடக்கப் பேசியோடு வந்தவர்தான் 'கிட்டக்கப் போ' என்று துடிக்கிறார்.

தூரம் விட்டுவைப்பது எப்படியென்று காட்ட நம் பக்கத்திலேயே ஊர்கள் உண்டு. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியில், 1977 முதல் சரணாலயமாக உள்ள கண்மாய்களுக்கு வரும் பறவைகள் அஞ்சி ஓடிவிடக் கூடாதென்று, கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்திலும் அப்படியே. அங்கே வீட்டு மரங்களிலேயே பறவைகள் கூடு கட்டுகின்றன. பட்டாசு செய்து பிழைக்கும் ஊர்க்காரன் நான். அவர்கள் வாங்காத பட்டாசு எங்கள் அண்ணன் சுற்றியதாகவும் இருந்திருக்கும். ஆயினும் அந்த ஊர்களைப் பற்றி அண்ணனிடம் சொன்னபோது அவர் சிரித்து, "நல்ல மனுசங்க" என்று மட்டும் சொன்னார்.

படங்கள் அச்சக முதலாளிக்குப் பிடித்திருந்தன. நாட்காட்டியில் போடலாமா என்ற பேச்சும் வந்தது. காப்பகத்தில் வியாபாரத்துக்கென எடுக்கும் படங்களுக்கு முன் அனுமதி வேண்டியிருக்கும், வனத்துறையைக் கேட்காமல் அச்சில் ஏற்ற வேண்டாம் என்றேன். பையன் ஒத்துக்கொண்டு கடிதம் எழுதியிருக்கிறான். இதற்கிடையில், முதுமலை வரை போகாமலே பார்க்கக்கூடியது ஒன்று நம் மாவட்டத்திலேயே இருப்பதை அவனுக்கு நினைவூட்டினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்து நரை அணில்! பூனையளவு இருக்கும், மரத்துக்கு மரம் தாவும், இந்தியாவில் தென்கோடிக் காடுகள் சிலவற்றில் மட்டுமே உள்ளது. அதற்காகவே 1988இல் சரணாலயம் அமைத்தனர். 2021இல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. காட்டுக்குள் போக அனுமதி வேண்டும். ஆனால் செண்பகத்தோப்புப் பக்கத்து மாந்தோப்புகளிலும் தென்னந்தோப்புகளிலும் அவ்வணில் வந்துபோகும்; தோப்புக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். அதற்கு 300 மி.மீ. தாராளம், அதுவோ இப்போது அவன் சொந்த லென்ஸ்.

தீபாவளி முடிந்து ஆலைகள் சில வாரம் மூடியிருக்கும் நாட்களில், இன்ஷா அல்லாஹ், போவதாக இருக்கிறோம். அண்ணனும் வருகிறார். அவருக்கென்று எட்டு மடங்கு பெரிதாக்கும் ஒரு தொலைநோக்கியைப் பையன் வாங்கி வைத்திருக்கிறான், ரொக்கத்துக்கு. கட்டுச்சோறு மதினி பொறுப்பு.

வஸ்ஸலாம்.